அண்டை வீட்டார் தந்த அமானிதம்

1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேல்ஸ் நாட்டின் தலைநகராம் கார்டிஃபில் நாங்கள் குடிபுகுந்த முதல் வாரம், பின்கட்டுச் சன்னல் வழியே கண்ணுற்ற காட்சி என்னைத் திகைக்கச் செய்தது. அண்டை வீட்டுத் தோட்டத்தில் ஏறத்தாழ முப்பது கழிகள் நட்டிருந்தன. ஒவ்வொரு கழியின் உச்சியிலும் ஒரு சிறு மண்சட்டி கவிழ்க்கப்பட்டிருந்தது. சட்டிகளிடையே சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமாக, குழந்தையின் தலையளவுப் பூக்கள் சில, எலுமிச்சங்காய் அளவுப் பூக்கள் பல. நம் ஊர்ப்புறங்களில் புதுவீடு கட்டுவோரும் பயிரிடுவோரும் கண்ணூறு கழியச் சட்டியில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கவிழ்த்து வைப்பதைக் கண்டு வளர்ந்தவன் நான். ஆங்கிலேயர் நாட்டிலும் இந்தப் பழக்கம் உண்டோ என வியந்து மனைவியை அழைத்துக் காட்டினேன். "இத்தனை அழகாயிருந்தால் கண் படாமலா இருக்கும்?" என்றாள் அவள்.

உண்மை வேறு. அந்தச் சட்டிகளுக்குள் வைக்கோல் திணிக்கப்பட்டிருந்தது. வாலில் இடுக்கி போன்ற கொடுக்குடைய ஒருவகைப் பூச்சி இரவெல்லாம் இதழ்களைக் கடித்துத் தின்றுவிட்டு, பகலில் ஒடுங்க இருட்டான இடம் தேடும். சட்டியைக் கண்டு அதனுள் புகும். காலையில் வீட்டுக்காரர் சட்டியை எடுத்து உதறிவிடுவார். இவ்வளவுதான் சங்கதி. இதனை எனக்கு விளக்கியவர் அந்தத் தோட்டத்தின் உரிமையாளர். எழுபதைக் கடந்தவர், மனைவியை இழந்தவர். கார்டிஃபின் ஈஸ்ட் மூர்ஸ் உருக்காலை 1978-இல் மூடப்படும் வரை அதன் உலையருகே உழைத்தவர். யமன் நாட்டு மாலுமிகள் நூறாண்டுகளுக்கு முன்பே குடியேறிய நகர் அது. ஆகவே முஸ்லிம்கள் அவருக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் அவர் என்னை முதன்முதலாக விளித்தபோது நான் சற்றே துணுக்குற்றேன். "பாய்!" என்று கூப்பிட்டார். தமிழகத்தில் கடைத்தெருவில் நம்மைக் கூப்பிடுவார்களே, அச்சு அசலாக அதே ஒலி! தம்மினும் இளைய ஆடவரைப் 'பையா' என்னும் பொருளில் அப்படி அழைப்பது அந்நாட்டு வழக்கு என்பது பிறகே தெரிந்தது. எட்டாண்டுகள் நான் அவருக்குப் 'பாய்' ஆகவே இருந்தேன். அவர் வேல்ஸ் நாட்டு வழக்கில் அழைத்தார். நான் தமிழ் வழக்கில் ஏற்றுக்கொண்டேன்.

அந்தப் பூக்கள் டேலியா. அதன் பிறப்பிடம் இங்கிலாந்து அன்று, மெக்சிகோ. அந்நாட்டின் ஆதிகுடிகள் அதன் ஒரு வகைக்கு 'தண்ணீர்க்குழல்' எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதே காரணம். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1570-களில் அங்குச் சென்று இச்செடியைக் குறித்து வைத்தார். எனினும் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே, 1789-இல், மெக்சிகோ நகரத் தாவரத் தோட்டத்திலிருந்து விதைகள் மாட்ரிட் அரச தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்த கவனில்யஸ் என்னும் பாதிரியார் 1791-இல் அதற்கு, சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் ஆண்டர்ஸ் டால் என்பாரின் நினைவாக 'டாலியா' எனப் பெயரிட்டார். டால் 1789-இலேயே இறந்துவிட்டார். தம் பெயரால் ஒரு மலர் உலகெங்கும் அழைக்கப்படப் போவதை அவர் அறியவில்லை. ஆங்கிலேயர் நாவில் டாலியா டேலியா ஆயிற்று.

மாட்ரிட் என்றதும் நம் வாசகர்களுக்கு ஒரு சொல். அந்நகரை ஒன்பதாம் நூற்றாண்டில் கோட்டை கட்டி நிறுவியவர் குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மது. மஜ்ரீத் என்பதே அதன் பழம்பெயர். அந்த அந்தலூஸ் மண் ஈன்ற தாவர மேதை மாலகா நகர் இப்னு பைத்தார், 1248-இல் திமிஷ்கில் மறைவதற்கு முன் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து எழுதினார். அந்தப் பெரு நூலில் டேலியா இல்லை, இருக்கவும் இயலாது. எனினும், செடிகளைப் பெயரிட்டுப் போற்றும் கலையில் முன்னோடியான ஒரு மண்ணின் வழியாகவே இம்மலர் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது என்பதை எண்ணுகையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பிரிட்டனுக்கு 1798-இலேயே விதை வந்ததாம். ஆனால் அச்செடிகள் நிலைக்கவில்லை. 1804-இல் ஹாலண்டு சீமாட்டி மாட்ரிட்டிலிருந்து அனுப்பிய விதைகளே இலண்டனில் கென்சிங்டன் பகுதியிலிருந்த அவரது மாளிகைத் தோட்டத்தில் வேரூன்றின. அம்மாளிகை 1940-இல் குண்டுவீச்சில் சிதைந்து போயிற்று. தோட்டம் இன்று பொதுப் பூங்காவாக இருக்கிறது. பிறகு நடந்தது ஒரு வெறி என்றே சொல்லத் தகும். முதலில் சிலர் இதன் கிழங்கை உருளைக்கிழங்குக்கு மாற்றாக உண்ணலாமோ என்று பார்த்தார்கள். நாவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத்தான் பிடித்தது! 1841-இல் ஓர் ஆங்கில வணிகரின் பட்டியலில் மட்டும் 1200-க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. 1872-இல் மெக்சிகோவிலிருந்து ஹாலந்துக்கு ஒரு பெட்டிக் கிழங்குகள் வந்தன. வழியில் அழுகியவை போக ஒன்றே ஒன்று முளைத்து, சுருண்ட கூரிதழ்களுடன் செக்கச் சிவந்த பூவாகப் பூத்தது. இன்று 'காக்டஸ் டேலியா' எனப்படும் கூட்டத்துக்கெல்லாம் அந்த ஒற்றைக் கிழங்கே மூதாதை. 1881-இல் பிரிட்டனில் தேசிய டேலியா சங்கம் தோன்றிற்று.

இத்தனை வகைகள் எப்படி என்று கேட்கலாம். மனிதரின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. தோட்ட டேலியாவிலோ எட்டுத் தொகுதிகள்! ஆகவே விதை போட்டால் தாயைப்போல் பிள்ளை பிறப்பதில்லை. நூறு விதைக்கு நூறு விதமாகப் பூக்கும். அவற்றுள் மனத்துக்கு உகந்ததை ஒருவர் தேர்ந்து பெயரிட்டால், அப்பெயருக்குரிய செடி அந்த ஒன்றே. அதன் கிழங்கைப் பிரித்தோ, தளிரை வெட்டி வேர்பிடிக்கச் செய்தோதான் பெருக்க முடியும். கிழங்கோ குளிர் தாங்காதது. ஆகவே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் யாரேனும் ஒருவர் அதைத் தோண்டியெடுத்துக் காத்தாக வேண்டும். 'ஒயிட் ஆஸ்டர்' என்னும் சிறு வெள்ளைப் பந்துப்பூ 1879-இல் தோன்றியது, இன்றும் இருக்கிறது. அதாவது, இடையில் ஓராண்டும் தவறாமல், இரு உலகப் போர்களின்போதும்கூட, எங்கேனும் ஒரு கை அதைக் குளிரிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது.

என் அண்டை வீட்டாரிடம் ஏறத்தாழ இருபது வகைகள் இருந்தன. அவற்றுள் 'ஹமாரி கோல்டு' என்பது ஒரு சாணைக் கடந்த பொன்வெண்கலப் பூ. பெயரைக் கேட்டதும் உருதுச் சொல்லென்றே என் செவி கொண்டது. "இது 'எங்கள்' தங்கம்தான்" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். கறுப்போ என ஐயுறும்படியான கருஞ்சிவப்பு 'அரேபியன் நைட்' இருந்தது. பாம்பன் எனப்படும் சின்னஞ்சிறு உருண்டைகள் இருந்தன. கண்காட்சிக்குக் கொண்டு போனால் நடுவர் ஒரு வளையத்தை எடுத்து அளப்பார், 52 மில்லிமீட்டரைத் தாண்டினால் தள்ளுபடி. அவர் முன்னிரவில் கைவிளக்குடன் அமர்ந்து, பருத்தி நூல் சுற்றிய குச்சியால் இதழ்களை ஒதுக்கிச் சீர்செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எஃகு உருக்கிய கைகள்!

ஆயினும் அவர் உயிராய்ப் போற்றியது 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' என்னும் வகையைத்தான். லாண்டாஃப் என்பது கார்டிஃபின் ஒரு பகுதி. அங்கே பழம்பெரும் பேராலயம் உண்டு. கார்டிஃபில் நாற்றுப்பண்ணை நடத்திய ஃபிரெட் டிரசீடர் என்பார் 1924-இல் உருவாக்கிய வகை இது. அக்காலத்தில் அங்கே பிஷப்பாக இருந்த ஜோஷுவா பிரிச்சர்டு ஹியூஸ் பெயரால் வழங்கலாயிற்று. 1928-இல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பாராட்டு விருது பெற்றது. ஏறத்தாழ மூன்றடி உயரம். இலைகள் பச்சையல்ல, கருமை கலந்த செம்பு நிறம். அந்த இருளின் மேல் தணல் போன்ற சிவப்புப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தம். பூ பெரிதன்று, இதழ்களும் மிகப் பலவல்ல. பெரும் பூக்களுக்கு நடுவே இதுதான் கண்ணை இழுக்கும். அவருடைய தந்தையார் 1930-களில் வாங்கி நட்ட கிழங்கின் வழி வந்தவை அவரிடம் இருந்த நான்கு செடிகளும்.

1993-இல் எங்கள் உம்மா கீழக்கரையிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். உதகமண்டலத்துத் தோட்டத்தில் இப்பூவைப் பார்த்ததாக நினைவு கூர்ந்தார். 1848-இல் அதனை அமைக்கத் தொடங்கிய மெக்கைவர், கியூ தோட்டத்தில் பயின்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர்தாமே. உம்மா ஒரு பூவை மூக்கருகே வைத்துப் பார்த்தார். முகம் மாறிற்று. "ஏன் வாப்பா, மணமே இல்லாத பூவுக்கா இந்தப் பெரியவர் இம்புட்டுப் பாடுபடுறார்?" என்றார். மல்லிகையும் பிச்சியும் மருக்கொழுந்தும் அறிந்தவரின் கேள்வி. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கிழவர் நெடுநேரம் சிந்தித்து, "உங்கள் தாயார் சொல்வது சரி. நீல நிறமும் இதற்கு இல்லை" என்றார். நியாயமான மனிதர். பிறகு அந்தப் பூ ஒரு பாதிரியாரின் பெயருடையது என்று கேள்விப்பட்ட உம்மா, "பேரு என்னவா இருந்தா என்ன, படைச்சவன் ஒருத்தன்தானே" என்று முடித்துவிட்டார்.

அக்காலத்தில் இந்நாட்டு மேட்டுக்குடித் தோட்டக்காரர்கள் டேலியாவைப் பகட்டுப் பூ என்று இகழ்ந்து ஒதுக்கி வைத்திருந்தனர். அதைக் கைவிடாமல் காத்தவர்கள் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளருமே. நகராட்சி குறைந்த குத்தகைக்கு விடும் சிறு துண்டு நிலங்களில், முட்டைக்கோசுக்கும் வெங்காயத்துக்கும் இடையே ஒரு வரிசை டேலியா. ஸ்டாஃபர்டுஷயரில் பிடல்ஃப் கிரேஞ்சு என்னும் இடத்தில் ஜேம்ஸ் பேட்மன் 19-ஆம் நூற்றாண்டில் டேலியாவுக்கென்றே அமைத்த பாதை மண்மூடிக் கிடந்தது. 1988-இல் தோட்டத்தைப் பொறுப்பேற்ற தேசிய அறக்கட்டளையினர் அதைத் தோண்டியெடுத்துப் புதுப்பித்தனர். 1993-இல் கிறிஸ்டோபர் லாயிடு என்னும் தோட்டக்கலை எழுத்தாளர், சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் என்னும் தம் இல்லத்தின் ரோஜாத் தோட்டத்தையே பெயர்த்துவிட்டு, டேலியாவும் கல்வாழையும் நட்டார். நாடே பரபரத்தது. 'பிஷப்' மீண்டும் பெரிய இடத்துத் தோட்டங்களில் நுழைந்தார். நான் இதைச் செய்தித்தாளில் காட்டியபோது கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நாங்கள் விட்டால்தானே அவர்கள் மீட்பதற்கு?" என்றார்.

இனி எழுதப் போவது எனக்குப் பெருமை தருவதன்று.

1995 கோடையில் அவருடைய முழங்கால்கள் ஓய்ந்தன. முதியோர் இல்லத்துக்குப் போனார். செடிகள் பூத்து நின்றன. மற்றவற்றை யார்யாருக்கோ தந்துவிட்டு, நான்கு 'பிஷப்'களை மட்டும் என் பொறுப்பில் விட்டார். செய்ய வேண்டியதை முறையாகச் சொல்லித் தந்தார்: முதல் உறைபனியில் இலைகள் கருகியதும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டு, கிழங்குக் கொத்தைக் கவையால் நெம்பி எடு, தலைகீழாகக் கவிழ்த்துப் பத்து நாள் வை, பொள்ளல் தண்டிலுள்ள நீர் வடியட்டும், பிறகு உலர்ந்த மணலில் புதைத்துக் குளிர் புகாத அறையில் வை. "நீர்தான் அதைக் கொல்லும் பாய், குளிர் துணைக்குத்தான்" என்றார்.

நவம்பர் தொடக்கத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. வாப்பா வபாத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்றிரவே குடும்பத்துடன் புறப்பட்டோம். ஜனாஸாவுக்குப் போய்ச் சேர முடியவில்லை, கபுருஸ்தானுக்குத்தான் போனேன். நாற்பதாம் நாள் கழிந்து, பாகப்பிரிவினை வேலைகளும் முடிந்து, 1996 ஜனவரி நடுவில்தான் திரும்பினோம். இடையே டிசம்பர் கடைசி வாரத்தில் பிரிட்டனைக் கடுங்குளிர் பீடித்திருந்தது. டிசம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தில் ஆல்ட்னஹாரா என்னும் இடத்தில் உறைநிலைக்குக் கீழே 27.2 பாகை பதிவாயிற்று. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையெனினும் மண் கல்லாய் இறுகியது, பின் இளகி நீர் கோத்தது. நான் கவையை இறக்கியபோது கிழங்குகள் கையில் கூழாய் வழிந்தன. நான்கும்.

துக்க வீட்டுக்காரன் மறந்தது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவரைக் காணச் சென்றேன். வாப்பாவின் மறைவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, "எடுத்து வைத்தாயா?" என்று கேட்டார். "பத்திரமாக இருக்கின்றன" என்றேன். அதுதான் குற்றம். அமானிதத்தில் மோசம் செய்வதும் பேசினால் பொய் பேசுவதும் நயவஞ்சகனின் அடையாளங்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மதரஸாவில் ஓதியவன் நான். முதலாவது என்னை அறியாமல் நிகழ்ந்தது. இரண்டாவதை அறிந்தே செய்தேன்.

பிறகு ஒரு தந்திரம் தோன்றிற்று. ஒரு பெயருக்கு ஒரே செடிதானே! எந்தப் பண்ணையில் வாங்கினாலும் 'பிஷப்' 'பிஷப்'தான். இவருடைய தந்தையார் நட்டதும் அதன் ஒரு கூறே, பண்ணையில் விற்பதும் அதன் ஒரு கூறே. மே மாதம் மூன்று நாற்றுகள் வாங்கி நட்டேன். செழித்து வளர்ந்தன. ஆகஸ்டில் ஒரு கிளையை இலையோடு வெட்டி எடுத்துச் சென்று அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பூவைப் பார்க்கவில்லை. இலையைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடியும் திருப்பினார். "இது நோயில்லாத செடி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பழைய டேலியாக்களில் பலவற்றுக்கு ஒரு நச்சுயிரி நோய் உண்டு. அசுவினி ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பரப்பும். கிழங்கு வழியாக ஆண்டாண்டும் தொடரும். இலை நரம்பின் ஓரம் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரியும். மருந்து கிடையாது. பண்ணைக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் குருத்து நுனியை வளர்த்து, நோய் நீங்கிய செடிகளை விற்கிறார்கள். அவருடைய தந்தையின் 'பிஷப்' இலைகளிலோ அந்தத் தழும்பு எப்போதும் இருந்தது. கருஞ்செம்பு இலையில் உற்று நோக்கினால்தான் தெரியும். எட்டாண்டுகள் பக்கத்தில் இருந்த என் கண்ணில் அது ஒரு நாளும் படவில்லை.

"அழுகிவிட்டனவா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரியில் சொன்ன பொய்யையும் பொய்யென்றே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தகப்பனைப் புதைக்கப் போனவன் கிழங்கு தோண்ட முடியாது. ஆனால் பிப்ரவரியில் சொல்லியிருந்தால், நான் ஆறு மாதம் முன்னதாகவே ஆளைச் சொல்லியிருப்பேன்" என்றார். நகரின் வடபுறத்துக் குத்தகை நிலமொன்றில் அவருடைய பழைய ஆலைத் தோழர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். அது அங்கே இருக்கக்கூடும்.

இருந்தது. நோய் பரவாதிருக்க மற்றவற்றை விட்டு ஒதுக்குப்புறத்தில், ஒரு கொட்டகையின் பின்னே வைத்திருந்தார் அந்தத் தோழர். "இதை எரித்துவிட வேண்டும் என்பதுதான் சரியான முறை. யாரிடமிருந்து வந்தது என்பதால் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, 1997 மார்ச்சில் இரு தளிர்களை வெட்டித் தந்தார். ஒன்று பிழைத்தது. செப்டம்பரில் பூத்த முதல் பூவை, இலையோடு, கிழவரிடம் கொண்டு சேர்த்தேன். இலையைத்தான் பார்த்தார். பூவைச் சட்டைப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டார். அடுத்த வசந்தம் வருமுன் அவர் காலமாகிவிட்டார்.

இன்று எங்கள் தோட்டத்தில் இரண்டு 'பிஷப்'களும் இருக்கின்றன. பண்ணையில் வாங்கியது முன்வாசலில். பழையது பின்கோடியில், சுவரோரம் தனியே. அதைத் தொட்ட கத்தியைக் கொதிநீரில் கழுவாமல் வேறு செடியில் வைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பூ சற்றே சிறுத்துவருகிறது. முதல் உறைபனி எந்த இரவில் விழுந்தாலும் மறுநாள் லுஹருக்கு முன் கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்துவிடும். பயணம் போக நேர்ந்தால் பக்கத்து வீட்டு இளைஞரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே போகிறேன்.

பர்மிங்ஹாமில் வாழும் என் மகள் முன்வாசல் செடியில் ஒரு துண்டு எடுத்துப் போயிருக்கிறாள். சென்ற மாதம் பழையதிலும் ஒன்று வேண்டும் என்றாள். சிறுமியாக இருந்தபோது அந்தக் கிழவரின் தோட்டத்தில் சட்டிகளை உதறிப் பூச்சி பிடித்தவள் அவள். ஆனால் அவளுடைய தோட்டத்தில் நோயற்ற டேலியாக்கள் பதினைந்துக்கு மேல் நிற்கின்றன; அடுத்த வீட்டாரும் வளர்க்கிறார்கள். கிழங்கு இப்போது மணல் பெட்டியில் உறங்குகிறது. மார்ச்சில் தளிர்க்கும். அதற்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.